மதகடியானின் வால்

பொன்னியம்மன் கோயில் குளத்தைத் தூர் வாருவதற்காகக் கூடிய ஊர்க்கூட்டத்தில்தான் வேதகிரி அதைக் கேட்டான். இரண்டாயிரத்து நான்கு, வைகாசி மாதம். கோயில் வாசலில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஜேசிபி வரும் நாள், குளத்து மீன்களை ஏரிக்கு மாற்றும் நாள் எல்லாம் பேசி முடிந்தது. பூசாரி வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "மொத மீனு பெரியவரு கையால" என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்" என்றான் வேதகிரி.

வேதகிரி எனக்குத் தூரத்து மருமகன் முறை. பல வருஷமாக ஏரி மீன் குத்தகை அவனிடம்தான் இருக்கிறது. சந்தேகம் கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"மாமா, நீங்க புடிச்ச மதகடியானுக்கு வாலு இருந்துச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நானும் நினைத்தேன்.

"வாலு இல்லாம மீனு கீதா? உன் வலையில வர்றதுக்கெல்லாம் காலு கீதா?" என்றேன்.

"வாலு இருந்தா, பேப்பர்ல வந்த படத்துல ஏன் காணோம்?"

சிரிப்பு நின்றது. அவன் என்ன சொல்ல வருகிறான் என்பது அந்த இடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்துவிட்டது. எனக்குக் கடைசியாகப் புரிந்தது.

எங்கள் ஊர் மானாம்பதிக்குத் தெற்கே இருக்கிறது. இங்கே கோயில் குளத்து மீனை யாரும் பிடிப்பதில்லை. அது அம்மன் மீன். வெள்ளிக்கிழமை பொரி போடுவார்கள், அதோடு சரி. குளம் வற்றினாலோ, தூர் வாரினாலோ, மீன்களை அண்டாவில் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விடுவோம். விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு மீனுக்கும் வாலின் கீழ்ப்பாதியை அடியோடு நறுக்கிவிட வேண்டும். அடியோடு நறுக்கினால் மறுபடி முளைக்காது. பிறகு எத்தனை வருஷம் கழித்து யார் வலையில் அது வந்தாலும், வாலைப் பார்த்ததும் அம்மன் மீன் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் கும்பிட்டுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. குத்தகைக்காரனுக்கும் இல்லை.

முதல் மீனை நறுக்கும் கை எங்கள் வீட்டுக் கை. எண்பத்து மூன்றில் பெரிய வறட்சி வந்து குளம் வெடித்தபோது என் நைனா நறுக்கினார். அவருக்கு முன்னால் அவருடைய நைனா. அதற்கென்று ஒரு சின்னக் கத்தி எங்கள் பூஜை அறையில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு நிலம் இருந்தது, பாதி போயிற்று. கணக்குப்பிள்ளை வேலை இருந்தது, அதுவும் போயிற்று. இந்தக் கத்தி மட்டும் போகவில்லை. அதனால்தான் வேதகிரி கேட்ட கேள்வி எங்கே வந்து குத்துகிறது என்று ஊருக்கே தெரிந்தது.

"அம்மன் மீனைத் தின்ன வூட்டுக்காரன் கையால அம்மன் மீனை வுடலாமா? நான் சொல்லல. கேக்கறேன்" என்றான் வேதகிரி.

"நீ கேக்கறதே சொல்றாப்பலதான் கீது" என்றார் பூசாரி.

நான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டேன். "மீனை மாத்தற அன்னிக்குப் பதில் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தில் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் நின்றேன். தொண்ணூற்றேழில் எடுத்தது. செய்தித்தாளிலும் வந்தது. அதைக் கத்தரித்து உத்திரமேரூர் சலூன்காரர் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். வேதகிரி சவரம் பண்ணிக்கொள்ளப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறான். முகத்தில் சோப்பு நுரையோடு வேறு எதைப் பார்ப்பது? ஏழு வருஷம் பார்த்தவனுக்கு இப்போது கண் திறந்திருக்கிறது.

படத்தில் நான் மீனின் செவுளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மீனின் நீளம் என் நெஞ்சு உயரம். அந்தப் பக்கம் என் தம்பி முத்துகிருஷ்ணன். மீனின் வால் அவன் கையில் இருக்கிறது. வாலின் மேல் ஈரத் துண்டு சுற்றியிருக்கிறது. துண்டுக்கு வெளியே ஒரு விரற்கடை கூடத் தெரியவில்லை.

ஏழு வருஷமாக அந்தப் படத்தை நான் தினமும் பார்த்தவன். மீனின் தலையைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைப் பார்த்திருக்கிறேன், என் முகத்தையும் பார்த்திருக்கிறேன். துண்டைப் பார்த்ததில்லை.

வழுக்காமல் பிடிப்பதற்காகச் சுற்றியிருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் செவுள் பக்கம் பிடித்திருந்த எனக்கு வழுக்கவில்லையா? நான் துண்டு சுற்றவில்லையே.

மதகடியானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு கட்லா மீன். ஏரி மதகுக்கு முன்னால் ஒரு மடு உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது. அங்கேதான் அது இருந்தது. வேதகிரியின் வலையை அது கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. மதகு ஷட்டரைத் துடைக்க இறங்கிய ஒருவன், தன் காலுக்குக் கீழே ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்ததாகச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கவே இல்லை. வலைக்குத்தான் குத்தகை, தூண்டிலுக்குக் குத்தகை கிடையாது என்பது எங்கள் ஏரி வழக்கம். அதனால் நான் நாலு கோடைகள் அந்த மடுவின் கரையில் உட்கார்ந்தேன். எனக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை. சீட்டு இல்லை, குடி இல்லை. தூண்டில் ஒன்றுதான்.

மீன் அகப்பட்டது பங்குனி மாதம், வெயில் சாய்கிற நேரம். நல்ல கல்மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, பெரிய முள். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து, அன்றைக்கு ஏனோ கொஞ்சம் பொரி மாவையும் சேர்த்து உருண்டை பிடித்திருந்தேன். தக்கை வெடுக்கென்று முழுகவில்லை. சாய்ந்து, தண்ணீரின் மேல் படுத்தாற்போல மெதுவாக நகர்ந்தது. சின்ன மீன் கொத்தும், பெரிய மீன் எடுத்துக்கொண்டு நடக்கும். நான் எழுந்து நின்று வெட்டி இழுத்தேன். கழி வில்லாக வளைந்தது. அப்புறம் நான் இழுக்கவில்லை, அது என்னை இழுத்தது. இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் போய்விட்டேன்.

"கழிய வுட்டுடுண்ணா! வுட்டுடு!" என்று கரையிலிருந்து முத்துகிருஷ்ணன் கத்தினான்.

விட்டேன். அதுதான் அந்த இடத்தில் செய்ய வேண்டியது. பிடித்திருந்தால் நரம்பு அறுந்திருக்கும். கழி தண்ணீரில் மிதந்தபடி ஓடியது. மீன் ஆழத்துக்குப் போகும்போது கழி செங்குத்தாக நிற்கும், முழுகும், கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி எழும்பும். நாங்கள் கரையோரமாகவே அதன் கூட நடந்தோம். மதகடியிலிருந்து, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி போனோம். ஆடு மேய்த்தவர்கள் ஆட்டை விட்டுவிட்டு வந்தார்கள். கரையில் ஊர் சேர்ந்துவிட்டது. வேதகிரி சைக்கிளில் வந்து இறங்கி, "மாமா, அது எங்க பரம்பரை எதிரி, வுட்றாதீங்க" என்று கத்தினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் கழி ஆடாமல் நின்றது. நான் கழியைப் பிடித்து நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன். சேற்றுக்குள் கறுப்பாக முதுகு தெரிந்தது. முத்துகிருஷ்ணன் பாய்ந்து அதன் பின்பக்கம் விழுந்து கட்டிக்கொண்டான். நான் செவுளுக்குள் கை விட்டேன். ரைஸ்மில் தராசில் முப்பத்தொரு கிலோ நின்றது. இந்தப் பக்கத்தில் தூண்டிலில் அப்படி ஒன்று வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு சுழிப்பும் நினைவிருக்கிறது. வால் மட்டும் நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்பதைவிட, நான் பார்க்கவே இல்லை. சேற்றில் இருக்கும்போது தம்பியின் மார்புக்குள் இருந்தது. கரைக்கு வரும்போது துண்டுக்குள் இருந்தது.

மறுநாள் காலை ஊர்க்கோடிக் குடிசைகளுக்குப் போனேன். அங்கே இருளர் வீடுகள் ஏழெட்டு உண்டு. வயல்வேலை, கூலிவேலை, ஏரியில் கையால் மீன் பிடிப்பது என்று இருப்பவர்கள். அவர்களில் ஜெயம்மாள் எங்கள் வீட்டுக்கு நடவுக்கும் களைக்கும் வருகிறவள். மீன் அறுப்பதில் அவள் கை வேகம். அன்றைக்கு மதகடியானை எங்கள் கொல்லையில் வைத்து அறுத்தவள் அவள்தான். நான் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்கய்யா, ஆளு அனுப்பிச்சா நானே வர மாட்டேனா?"

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அறுத்தியே பெரிய மீனு, அதும் வாலைப் பாத்தியா?"

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடியாத்தே! ஏழு வருசம் கழிச்சி வாலைத் தேடிக்கினு வந்துகிறீங்களா? கொழம்புல போட்டு எல்லாம் செமிச்சிப் பூடுச்சே!"

"சிரிக்காதே. பாத்தியா, இல்லியா?"

என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள். "என் கைக்கு வர்றப்பவே வாலு இல்லீங்கய்யா. அருவாமனைய நான் இன்னும் எடுக்கக்கூட இல்ல. சின்னய்யாவே அறுத்துட்டாரு. நான் கேட்டேன், வாலுதான் நெய்யா இருக்குமே, எங்கேன்னு. நாய் தூக்கினு பூடுச்சின்னாரு."

"நாயா?"

"அப்டித்தான் சொன்னாரு. உங்க தெரு நாய்ங்க அன்னிக்கு எல்லாம் வாசல்லதான் இருந்துச்சிங்க, போட்டோ புடிச்ச எடத்துல. கொல்லையில நான் எத்தயும் பாக்கல. எனுக்கென்னாத்துக்குன்னு உட்டுட்டேன்."

"இத்த வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டே, "வேதகிரி ஐயா ரெண்டாவதா வருவாரு போலக்கீது" என்றாள்.

திரும்பும் வழியில் வரப்பில் எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு வணக்கமும் சற்று நேரம் அதிகமாக நின்றாற்போல இருந்தது. அவர்கள் என் கையைப் பார்க்கிறார்களா, முகத்தைப் பார்க்கிறார்களா என்று நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர்களும் பார்த்திருப்பார்கள்.

வீட்டில் என் மனைவி எல்லம்மாள் நாஷ்டாவுக்கு இட்லி வைத்தாள். நான் தட்டைத் தொடாமல், "முத்துகிருஷ்ணன் அன்னிக்கு மீனு தின்னானா?" என்று கேட்டேன்.

அவள் எந்த அன்றைக்கு என்று கேட்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"தின்னல."

"உனக்கு எப்படி நினைப்பு கீது?"

"ஊரே வந்து கொழம்பு கேட்டுக்கினு நிக்குது, கூடப் பொறந்தவரு மட்டும் வயிறு சரியில்லன்னு மோர் சோறு கேட்டா நினைப்பு இருக்காதா? பாவம்னு ஊறுகா வெச்சேன்." என் தட்டில் சட்னியை ஊற்றிக்கொண்டே, "அன்னிக்கே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சி. நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. நான் கேக்கல" என்றாள்.

ஆக, என் வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் என் சந்தோஷத்துக்குப் பாதகம் வராமல் காவல் இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

முத்துகிருஷ்ணன் கொல்லைமேட்டில் வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அவனே போய் மோட்டாரை நிறுத்தினான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். தம்பிக்கும் அறுபது ஆகிவிட்டது. இருந்தாலும் நான் நிற்கும்போது அவன் உட்காருவதில்லை.

"அந்த வாலை இன்னா பண்ணே?" என்றேன்.

அவன் ஏன் என்றோ, எந்த வால் என்றோ கேட்கவில்லை.

"பொதைச்சிட்டேன். தென்னங்கன்னு குழியில."

"நறுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"நம்ப நைனா நறுக்கினதா?"

"நைனா சாய்ச்சி நறுக்குவாரு. அது சாய்ச்சித்தான் இருந்துச்சி."

மோட்டார் நின்ற பிறகும் கொஞ்சம் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்ப்பதுதான் அப்போது வசதியாக இருந்தது.

"எப்போ பாத்தே?"

"சேத்துல கட்டிப் புடிச்சேனே, அப்பவே. கையில தட்டுப்பட்டுச்சி. மொதல்ல வலையில அடிபட்டதுன்னு நெனச்சேன். தடவிப் பாத்தா வழுவழுன்னு ஒரே கோடா இருந்துச்சி."

"அப்போ உயிரோட இருந்துச்சா?"

அவன் மண்வெட்டியைப் பிடுங்கி வேறு இடத்தில் ஊன்றினான்.

"இருந்துச்சிண்ணா. நான் கைய வுட்டிருந்தா பூட்டிருக்கும். செவுள்ள நீ அப்போதான் கை வெக்கறே."

"ஏன் வுடல?"

"உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றான். "ஆயுசுல நீ அப்டி சிரிச்சி நான் பாத்ததில்ல. நைனா செத்த பொறவு நீ சிரிச்சதே இல்ல, அன்னிக்குச் சிரிச்சே. கரையில ஊரே நிக்குது. நான் எப்டி வுடுவேன்?"

"சொல்லியிருக்கலாமே. கரைக்கு வந்த பொறவாச்சும்."

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

"ஊரக் கூப்ட்டுச் சொல்லியிருப்பேன். அப்படியே தூக்கிப் போய் தண்ணில வுட்டிருப்பேன்."

"செத்த மீனைத் தண்ணில வுட்டுட்டு, போட்டோக்காரன் எதிர்ல நீ தலை குனிஞ்சி நிப்பே. அதான் சொல்லல."

அவன் மேல் எனக்கு வந்தது கோபம்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை ஓங்கவில்லை. எங்களுக்குள் அப்படிப்பட்ட பழக்கம் இல்லை. "நீ மட்டும் மோர் சோறு தின்னே. எனக்கு எலையில நடுத்துண்டு வெச்சிப் பரிமாறினப்போ பாத்துக்கினே இருந்தியே" என்றேன். அவன் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் திரும்பி நடந்தேன். வரப்பில் பாதி தூரம் வந்த பிறகுதான் மோட்டார் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

மீன் மாற்றும் நாள் வரைக்கும் நான் யோசித்தது ஒன்றுதான். சொல்லாமல் விட்டால் யாராலும் நிரூபிக்க முடியாது. வால் மண்ணில் மக்கிவிட்டது. துண்டுக்குள் என்ன இருந்தது என்று படம் சொல்லாது. ஜெயம்மாள் கேட்டால்தான் பேசுவாள், எல்லம்மாள் கேட்டாலும் பேச மாட்டாள். கத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கும். ஆனால் நைனா சாய்த்து நறுக்கிய அடையாளத்தை மறைத்துவிட்டு, அதே கத்தியால் இன்னொரு மீனுக்கு அடையாளம் வைப்பது எப்படி? அந்த அடையாளத்துக்கு அப்புறம் என்ன மதிப்பு? குடும்ப மானம் என்று நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேனோ, அது அந்தக் கத்தியின் பிடியில் இல்லை, நறுக்கில்தான் இருந்தது.

அன்று காலை குளத்தங்கரை நிறைய ஜனம். ஜேசிபி வரப்போரம் நின்றிருந்தது. அதன் டிரைவர் ஓரிக்கை ஊர்ப் பையன், நேரமாகிறது என்று அடிக்கடி ஹாரன் அடித்தான். குளத்தில் நடுவே ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் மீன்கள் முதுகு தெரிய நெளிந்தன. இருளர் வீட்டு ஆண்கள் இறங்கி, கூடையால் அள்ளி அண்டாவில் போட்டார்கள். பம்பை அடித்தார்கள். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மஞ்சள் துணியைப் பிரித்தேன்.

"மாமா, பதில் சொல்றேன்னீங்க" என்றான் வேதகிரி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கத்தி தன் கைக்கு வரும் என்று அந்தச் சட்டைக்கே தெரிந்திருந்தது.

பம்பையை நிறுத்தச் சொன்னேன்.

"வேதகிரி சந்தேகப்பட்டது சரி. மதகடியான் அம்மன் மீனு. எங்க நைனா கையால நறுக்கினது. எனக்கு அப்போ தெரியாது, இப்போதான் தெரிஞ்சுது. தெரியாம தின்னாலும் தின்னது தின்னதுதான். இந்தக் கத்திய நான் தொடக் கூடாது."

தம்பி கூட்டத்தின் பின்னால் இருந்தான். அவன் பெயரை நான் சொல்லவில்லை. அதைச் சொல்வது என் வேலை இல்லை என்று தீர்மானித்திருந்தேன்.

வேதகிரி இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டிருந்தான். "பெரியவரு பெரியவருதான்" என்றான்.

"இரு. நீ தின்னலியா?" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"நானா?"

"முப்பத்தொரு கிலோ மீனை நான் ஒருத்தனே தின்னேனா? தெருத்தெருவா பங்கு போச்சே. உனக்கு நடுத்துண்டு வரல?"

"அது... எனக்கு நினைப்பில்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி கனகா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "வந்துச்சிங்களே, பெரிப்பா வூட்டுத் துண்டு! மாங்கா போட்டுக் கொழம்பு வெச்சேன், மறுநாளு பழைய சோத்துக்கும் வெச்சிக்கினு துன்னியே, மறந்துட்டியா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவரவர் வீட்டுக் குழம்பு அவரவருக்கு நினைவு வந்துவிட்டது. பூசாரி விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் போனது வயிற்றுத் துண்டு. இருளர் குடிசைகளுக்குத் தலையில் பாதியும் குடலும் போயின.

"அப்போ யாரு நறுக்கறது?" என்று ஒருவன் கேட்டான்.

அங்கிருந்துதான் கூத்து ஆரம்பித்தது. தின்னாதவர்களைத் தேடினார்கள். போன தையில் வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் இருக்கிறார்களே என்றார்கள். அவர்களுக்குத் தாய்வீட்டு அம்மன் வேறு, கூடாது என்றார் பூசாரி. மீன் தின்ற பிறகு பிறந்த பிள்ளைகள் என்றார்கள். வயிற்றில் சுமந்தவள் தின்றிருந்தால் பிள்ளையும் தின்றதுதான் என்று ஒரு கிழவி தீர்ப்புச் சொன்னாள். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்ததாக ஒருவன் முன்னால் வந்தான். "லீவுல வந்து கருவாட்டுக் கொழம்பு துன்னியே, அது அதே மீனு உப்புக்கண்டம்தான்" என்று அவன் அண்ணியே அவனைப் பின்னால் இழுத்தாள். ஜேசிபி மேலிருந்து டிரைவர், "நான் வேணா நறுக்கட்டா? நான் ஓரிக்கை, நான் எத்தயும் துன்னல" என்றான். "நீ ஹாரன மட்டும் அடி" என்றார்கள்.

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நான் தின்றேன் சரி, நீ எவ்வளவு தின்றாய் என்கிற மாதிரிப் பார்வை.

"ஒருத்தன் கீறான்" என்றேன்.

அது வரைக்கும் அதைச் சொல்வதாக நான் இல்லை. எங்கள் வீட்டு மரியாதை எங்கள் வீட்டிலேயே நிற்க ஒரு வழி இருப்பது அந்தக் கணத்தில்தான் தோன்றியது. தோன்றியதும் வாய் சொல்லிவிட்டது. "என் தம்பி அன்னிக்கு மோர் சோறு தின்னான். எங்க வூட்டுக்காரி சாட்சி."

கூட்டம் விலகி முத்துகிருஷ்ணனுக்கு வழி விட்டது. அவன் வந்து என் எதிரில் நின்றான். நான் கத்தியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"நான் தின்னலதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "ஆனா நறுக்கு இருந்தது எனக்குத் தெரியும். மீனு உயிரோட இருக்கறப்பவே தெரியும். அந்த வாலை அறுத்துப் பொதைச்சது இந்தக் கைதான். அண்ணனுக்குத் தெரியாது. தெரியாம தின்னவன் நறுக்கக் கூடாதுன்னா, தெரிஞ்சி மறைச்சவன் நறுக்கலாமா?"

என் கை நீட்டியபடியே இருந்தது. என் பிழையை நான் ஊர் முன்னால் சொன்னபோது முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அவன் தன் பிழையைச் சொன்னபோது என்னால் அப்படி நிற்க முடியவில்லை. அவன் தோளில் கை வைத்தேன். எண்ணிப் பார்த்தால், வளர்ந்த பிறகு அவனை நான் அப்படித் தொட்டதில்லை.

"மீனுங்க மல்லாக்கத் திரும்புது!" என்று ஜெயம்மாள் அண்டாப் பக்கத்திலிருந்து கத்தினாள். "நீங்க யோக்கியனத் தேடிக்கினே இருங்க, அதுங்க சாவட்டும்!"

உண்மைதான். வெயில் ஏறிவிட்டது. அண்டாத் தண்ணீர் சுட்டது. ஒரு கட்லா வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. எல்லம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். கனகா இன்னொரு காதைப் பிடித்தாள். பின்னால் மற்றப் பெண்கள் வந்தார்கள். பம்பைக்காரன் என்ன அடிப்பது என்று தெரியாமல் அடித்துக்கொண்டே கூட ஓடினான். ஏரிக்கரை ஏறி, மதகடி மடுவில் அண்டாவைச் சாய்த்தார்கள். மீன்கள் ஒரு கணம் கரையோரம் திகைத்து நின்றுவிட்டு ஆழத்துக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் முழு வால். ஒன்றையும் யாரும் நறுக்கவில்லை.

மரியாதை எங்கள் வீட்டை விட்டுப் போயிற்று என்று சொல்ல முடியாது. வேறு யார் வீட்டுக்கும் அது போகவில்லை.

அதன் பிறகு வேதகிரி வலை போடுவதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் சொல்கிறார்கள். வலையில் கட்லா வந்தால் அவன் முதலில் வாலைத் தடவிப் பார்க்கிறானாம். முழுதாக இருக்கிறது. முழுதாக இருந்தால் இனிமேல் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பவர்களைப் பார்க்கிறான். சிலதைக் கூடையில் போடுகிறான், சிலதை விட்டுவிடுகிறான். எதை வைத்துத் தீர்மானிக்கிறான் என்று கேட்டால் கோபம் வருகிறதாம். உள்ளூரில் யாரும் அவனிடம் பெரிய மீன் வாங்குவதில்லை. உத்திரமேரூர் சந்தைக்குத்தான் அனுப்புகிறான். அங்கேயும் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது மீன் வாங்கினால், எந்த ஏரி மீன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

நானும் முத்துகிருஷ்ணனும் சில சாயங்காலங்களில் ஏரிக்கரை மேல் நடக்கிறோம். மதகடி மடுவில் ஏதாவது பெரிதாகப் புரண்டு தண்ணீர் விரிந்தால், கரையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அது அம்மனுடையதா, குத்தகையுடையதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அலை கரைக்கு வந்து அடங்குகிற வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.